ஒரு நாளுக்கு இரண்டு விடியல்

பதிப்பாளரின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் டீச்சர் உட்கார்ந்தார். இன்னொன்றில் ரேடியோ உட்கார்ந்தான். மூன்றாவதில் ஆள் உயர அட்டைப் படம் ஒன்று சாய்ந்திருந்தது. அதில் எழுத்தாளர், கன்னத்துக்கு ஒற்றை விரலை முட்டுக் கொடுத்து, ஊர் துக்கத்தையெல்லாம் தான் ஒருவரே குத்தகைக்கு எடுத்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு பல்வலியா?" என்று ரேடியோ கேட்டான்.

டீச்சர் அவன் காலை மிதித்தார்.

டீச்சர் முன்பு கணக்கு டீச்சர். தலைமையாசிரியரின் தில்லுமுல்லு ஒன்றைக் கண்டுபிடித்ததற்குப் பரிசாக வேலை போனது. தையல் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். ரேடியோ அதற்கு முன் வீடு வீடாகக் குக்கர் விற்றவன். டீச்சரின் காரை ஓட்டுவது, மூடிய கதவுகளைத் திறக்க வைப்பது, ஓயாமல் பேசுவது என்று அவனுக்கு மூன்று வேலை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

பதிப்பாளர் தன் தலைவலியைச் சொன்னார். எழுத்தாளர் ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். குற்றமில்லாத ஒருவனுக்கு மரண தண்டனை எழுதிக் கொடுக்க மறுத்த அமைச்சர் ஒருவரை, அரசன் கோட்டையின் நிலவறையில் அடைத்துப் போட்டான். இருட்டிலேயே கிடந்து, இரவு எது பகல் எது என்று தெரியாமல் அமைச்சர் செத்துப்போனார். நிஜமாக நடந்தது. நடந்து இருநூறு வருஷம் ஆகிறது.

இந்த நாவலை எழுத்தாளர் ஊரறிய எழுதுகிறார். நேற்று எத்தனை சொற்கள் எழுதினார் என்று தினமும் காலையில் செல்போனில் ஒரு பதிவு, கூடவே நாவலிலிருந்து நாலு வரி. ஆயிரக்கணக்கான பேர் பல் துலக்குவதற்கு முன் அதைத்தான் படிக்கிறார்கள். பதிவுகள் பலவும் 'பெரியவர் சொன்னார்' என்றுதான் தொடங்கும். அமைச்சரின் வம்சத்தில் கடைசியாக மிஞ்சிய ஒரு பெரியவர், குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்ததையெல்லாம் எழுத்தாளருக்குத் தினமும் சொல்லி வருகிறாராம். அதை நம்பித்தான் அட்டையில் 'உண்மைக் கதை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார் பதிப்பாளர்.

இந்த நேரம் பார்த்து ஒரு சரித்திரப் பேராசிரியர் பத்திரிகையில் எழுதிவிட்டார். அந்த அமைச்சருக்குப் பிள்ளையே கிடையாது. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. அவரைப் பற்றிய பழைய குறிப்பு மொத்தமே இரண்டு வரி.

"அப்ப இந்தப் பெரியவர் யாரு? கேட்டா மூச்சு விடமாட்டேங்கறார்," என்றார் பதிப்பாளர். "எனக்கு வேற எதுவும் வேணாம் டீச்சர். அப்படி ஒரு ஆள் இருக்காரா இல்லையா, அது தெரிஞ்சா போதும்."

காரில் வந்து உட்கார்ந்ததும் டீச்சர் எழுத்தாளரின் பதிவுகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். ரேடியோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு, தன் போனில் அதையே படித்தான். 'நேற்று எண்ணூறு சொற்கள். என் பேனா ரத்தம் கக்கியது.' அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். 'நேற்று எழுதவில்லை. அழுதேன்.' அதற்கு இன்னும் அதிகமாகக் கூப்பிய கைகள். மனிதர் தும்மினால்கூடத் தீர்த்தம் மாதிரி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் போலிருக்கிறதே என்று அவன் புலம்பினான்.

"காப்பியடிச்ச பையனை சரியான விடையை வெச்சுப் பிடிக்க முடியாது," என்றார் டீச்சர். "தப்பான விடையை வெச்சுத்தான் பிடிக்கணும். இவர் எங்க தப்பு பண்ணியிருக்கார்னு பாரு."

தப்பை ரேடியோதான் முதலில் பார்த்தான். நிலவறைக் கைதிக்குப் பொழுது தெரியவில்லை. ஆனால் தரை நடுங்குகிறது. முதலில் மெல்ல, பிறகு பல் கிட்டிக்கும் அளவுக்கு, பிறகு மெல்ல ஓய்கிறது. அதை வைத்துக் கைதி நேரம் கணக்குப் பண்ணுகிறான். கோட்டைப் பீரங்கி என்று எழுத்தாளர் எழுதியிருந்தார்.

பீரங்கி என்றால் ஒரே டமால்தான், அது வந்து நின்று நிதானமாகப் போகாது என்றான் ரேடியோ. கல்யாணமான புதிதில் அவன் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் குடியிருந்தவன். மாமியார் ஊறுகாய் ஜாடி அலமாரியிலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்து தற்கொலை செய்துகொண்டதே இந்த நடுக்கத்தால்தான். இது ரயில். அமைச்சர் காலத்தில் ரயிலே கிடையாது.

"அப்ப, சொன்ன ஆள் தண்டவாளத்துக்குப் பக்கத்துல இருக்கார்," என்றார் டீச்சர். "அடுத்த பதிவைப் படி."

ரேடியோ படித்தான். 'பெரியவர் சொன்னார். நேற்று ஐந்நூறு சொற்கள்தான். கைதியிடம் இன்னும் ஒரு கடிகாரம் மிச்சம் இருக்கிறது. அதைப் பிடுங்கினால்தான் அத்தியாயம் நகரும்.'

மறுநாள் பதிவு: 'ஆயிரத்து எண்ணூறு. பிடுங்கியாயிற்று.'

அதற்குப் பிறகு நாவலில் தரை நடுங்கவே இல்லை.

ரேடியோ கையிலிருந்த பாதி பிஸ்கட்டைப் பார்த்தான். அதைத் திரும்பப் பாக்கெட்டிலேயே வைத்தான்.

"அடுத்தவர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதறவர் எதுக்கு டீச்சர் புடுங்கணும்?"

டீச்சர் இன்னொரு விஷயத்தைக் காட்டினார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு எழுத்தாளர் ஒரு சொல்கூட எழுதுவதில்லை. மற்ற நாளெல்லாம் பேய் பிடித்த மாதிரி ஓடும் பேனா, அன்றைக்கு மட்டும் படுத்துக்கொள்கிறது. அப்புறம், பதிப்பாளர் எழுதிக் கொடுத்த எழுத்தாளரின் வீட்டு முகவரியை எடுத்து அவனிடம் நீட்டினார். ரயில்வே லைன் பின் சந்து, கடைசி வீடு.

பெரியவரைத் தேடி ஊரைச் சுற்ற வேண்டிய வேலை மிச்சம் என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை.

சந்து குறுகலாக இருந்தது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் மதில், மதிலுக்கு அப்பால் தண்டவாளம். கடைசி வீட்டை நெருங்கும்போதே 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் காதைக் குடைந்தது. அடுத்த வீட்டு அம்மாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ரேடியோவுக்கு வாய் திறக்க இரண்டு நிமிஷம் போதும். அந்த அம்மாளும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்தான்.

அது தண்ணீர் மோட்டாராம். ஒரு மாதமாக ராத்திரி பகல் ஓடுகிறதாம். தொட்டி நிரம்பி வழிந்ததாகவும் தெரியவில்லை, குழாயில் தண்ணீர் ஏறினதாகவும் தெரியவில்லை. கேட்டால், எழுதும்போது அந்தச் சத்தம் வேண்டும் என்கிறாராம். பெரிய எழுத்தாளர், என்ன சொல்ல முடியும்? பாவம், அவருடைய அப்பாதான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவே அதிரப் பேசுகிற மனிதர். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து வெளியே வருவதே இல்லை. மூளையும் கலங்கிவிட்டதாம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மகள் வந்து பார்ப்பாள். போன தடவை வந்தபோது சாயங்காலத்தில் அவளிடம் காலை டிபன் கேட்டாராம். அவள் இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். நாவல் முடிந்ததும் அப்பாவை முதியோர் விடுதியில் விட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"நாவல் முடிஞ்சதும்," என்று டீச்சர் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ரேடியோ அன்றைக்கு அதற்கு மேல் தமாஷ் எதுவும் சொல்லவில்லை.

அழைப்பு மணி அடித்ததும் எழுத்தாளரே கதவைத் திறந்தார். அட்டைப் படத்தைவிடக் குள்ளம். டீச்சர் தன்னை ஒரு வாசகி என்றும், ரேடியோவைத் தன் தம்பி என்றும் சொன்னார். வாசகி என்ற சொல் போதுமானதாக இருந்தது. உள்ளே அழைத்து, உட்கார வைத்து, கேட்காமலேயே டீ கொண்டுவந்து வைத்தார்.

எழுதும் அறை துடைத்து வைத்தது போல இருந்தது. சுவரில் ஒரு கோட்டையின் பெரிய புகைப்படம். அதன் பக்கத்தில் வெள்ளைப் பலகை ஒன்றில் தினசரிச் சொற்கணக்கு. நல்ல நாட்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. எழுத்தாளர் பேசினார். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கீழுதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். கற்பனை என்பது சோம்பேறிகளின் தொழில் என்றார். தன் நாவலில் ஓர் உணர்ச்சிகூட இட்டுக்கட்டியது இல்லை, எல்லாம் ஒரு மனித உடம்பிலிருந்து நேராக எடுத்தது என்றார். ரேடியோவின் டீயில் ஆடை சுருங்கி மிதந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குடிக்கத் தோன்றவில்லை.

அந்தப் பெரியவரை ஒரு தடவை தரிசிக்க முடியுமா என்று டீச்சர் பணிவாகக் கேட்டார்.

எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டார். "அவர் ஒரு பாத்திரம் மாதிரிங்க. உண்மை அதுல சொட்டுச் சொட்டா விழுந்துட்டிருக்கு. யாராவது தொட்டா சிந்திரும்."

அப்போது அவர் கைக்கடிகாரம் கீச்சென்றது. அவர் சட்டென்று எழுந்தார். அப்பாவைக் கவனிக்க வேண்டும், பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். மணி மூன்று தாண்டியிருந்தது. சமையலறையிலிருந்து ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். தட்டில் ஒரு கோப்பை டீ, வாட்டிய ரொட்டி, பற்பசை வைத்த பிரஷ்.

ரேடியோ டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தலையசைத்தார். பாத்ரூம் தேடும் ஆள் போல அவன் வராந்தாவில் இறங்கினான்.

கடைசி அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. பக்கத்து அறையில்தான் அந்த மோட்டார். தண்ணீர்க் குழாய் எதுவும் சேராமல், வெறும் தரையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. கதவுக்குள்ளே ஒரு சேவல் கூவியது. இன்னொரு தடவை கூவியது. பிறகு காக்கை, குயில், தூரத்தில் ஒரு சைக்கிள் மணி. ரேடியோ கண்ணை இடுக்கிப் பார்த்தான். இருட்டுக்குள் செல்போன் திரை மட்டும் மினுங்கியது. சேவல் அதற்குள்ளிருந்துதான் கூவியது.

"அப்பா, எந்திரிங்க," என்றார் எழுத்தாளர். "பொழுது விடிஞ்சிருச்சு."

குரலில் அப்படி ஒரு அன்பு. ரேடியோவின் முதுகில் புழு ஊர்ந்தது போல இருந்தது.

"அதுக்குள்ளயா கண்ணா?" என்று ஒரு கிழக் குரல் கேட்டது.

"நல்லா தூங்கினீங்களாப்பா? எவ்வளவு நேரம் தூங்கின மாதிரி இருக்கு? அவசரமில்ல, யோசிச்சு சொல்லுங்க."

அதைத் தொடர்ந்து, தாளில் பென்சில் ஓடும் சத்தம்.

திரும்பி வந்து விஷயத்தைச் சொல்லும்போது ரேடியோவுக்கு வாக்கியம் முழுதாக வரவில்லை. சேவல், டீச்சர், போன்ல சேவல் வெச்சிருக்கான் டீச்சர், என்று இரண்டு தடவை சொன்னான். டீச்சர் முழுதும் கேட்டு முடிக்கவில்லை. வராந்தாவில் மின்சாரப் பெட்டி இருந்த இடத்தை வரும்போதே பார்த்து வைத்திருந்தார். நேராகப் போய் மோட்டாரின் சுவிட்சை இறக்கினார்.

ஒரு மாதம் ஓடிய சத்தம் நின்றதும் வீடே மூச்சை நிறுத்தியது போல இருந்தது.

எழுத்தாளர் பதறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். கையில் பென்சில், காதில் இன்னொரு பென்சில். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் மதிலுக்கு அப்பால் ஒரு ரயில் வந்தது. தரை மெல்ல நடுங்கியது. அறையில் டீக் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. ரயில் கடந்து போய் ஓசை அடங்கியதும், இருட்டறையிலிருந்து கிழக் குரல் நிதானமாக வந்தது.

"மூணேகால் வண்டி. கேட்டு எத்தனை நாளாச்சு."

டீச்சர் எழுத்தாளருக்கு முன்னால் போய் நின்றார். தான் யார், யார் அனுப்பி வந்தார் என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். இந்த வீட்டில் இருக்கும் கைதி எந்த அரசனுக்கு எதிராக என்ன குற்றம் செய்தான் என்று கேட்டார்.

எழுத்தாளர் பயப்படவில்லை. அதுதான் ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, புரியாத மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது போலப் பேசினார். அமைச்சரைப் பற்றி இருப்பதே இரண்டு வரி. மீதியை எங்கே போய் எடுப்பது? அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, நாலு நாள் கண்ணைக் கட்டியிருக்கச் சொன்னார் டாக்டர். இரண்டாம் நாள் அப்பா, இது பகலா ராத்திரியா கண்ணா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தனக்கு நாவலே திறந்துகொண்டது. வெளிச்சம் பட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லி நாட்களைக் கொஞ்சம் நீட்டினார். அவ்வளவுதான். தங்கை வரும் ஞாயிறுகளில் மட்டும் அப்பாவுக்கு ஒரு தூக்க மாத்திரை. பாதித் தூக்கத்தில் அவர் உளறுவதைத் தங்கை மறதி நோய் என்று எடுத்துக்கொண்டாள். அதற்குத் தான் என்ன செய்வது?

"நான் அவரை அடிச்சேனா? பட்டினி போட்டேனா? நேரத்துக்குச் சாப்பாடு குடுத்தேன்."

"எந்த நேரத்துக்கு?" என்றார் டீச்சர்.

ரேடியோ குறுக்கே புகுந்தான்.

"இருட்டு எப்படி இருக்கும்னு தெரியணும்னா உங்களையே பூட்டிக்கிட்டிருக்கலாமே சார்."

எழுத்தாளர் அவனை நிஜமான வியப்போடு பார்த்தார். "நான் உள்ள இருந்தா யார் எழுதறது?"

ரேடியோ பல பேரிடம் குக்கர் விற்றிருக்கிறான். நாய் விட்டுத் துரத்தியவர்களிடம்கூட விற்றிருக்கிறான். ஒரு மனிதனோடு ஒரே கூரையின் கீழ் நின்று மூச்சு விடுவதற்கு அருவருப்பாக இருந்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் அறைக்குள் போனார். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி ஆணி வைத்து அடித்திருந்தது. தைல நெடி, மூத்திர நெடி, ஆறிப்போன சாப்பாட்டின் புளிப்பு. ரேடியோ மூக்கைப் பொத்திக்கொண்டு துணியை ஒரு மூலையிலிருந்து கிழித்தான். கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு மேல் பச்சை மறைப்பு. மார்பு வரை வராத, ஆனால் அடர்ந்த வெள்ளைத் தாடி. மடியில் ரொட்டித் தட்டு.

டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது காலை இல்லை என்று மெல்லச் சொன்னார். பிற்பகல். ஐயாவுக்கு மூளை கலங்கவில்லை. ஐயாவை ஏமாற்றியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு, அவர் இடிந்துபோவார் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்மா," என்றார் பெரியவர்.

தாடியைத் தடவிக் காட்டினார். மோட்டார் சத்தம் ரயிலை அமுக்கியபின் அவருக்கு மிஞ்சியது அதுதான். மகன் வந்து விடிந்துவிட்டது என்பான். கொஞ்ச நேரத்தில் ராத்திரி என்பான். மறுபடி விடிந்துவிட்டது என்பான். தாடியோ ஒரு நாள் அளவுக்குத்தான் வளர்ந்திருக்கும். ஒரு நாளுக்கு இரண்டு விடியல் எப்படி வரும்? சில சமயம் இரண்டு நாள் தாடிக்கு ஒரே விடியல். முப்பது வருஷம் பஸ்ஸில் சில்லறை ஏமாற்றுகிறவனையெல்லாம் பார்த்தவருக்கு இது பிடிபடாதா? ஆனால் தாடியைப் பற்றி மகனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த வேளையே சவரக் கத்தியோடு வந்திருப்பான்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" என்று ரேடியோ கேட்டான்.

பெரியவர் ரொட்டித் துண்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். சொல்ல வெட்கப்படுகிறவர் போல இருந்தார்.

"அவன் என்கூட உக்காந்து பேசினதே இல்ல தம்பி. கண்டக்டர் பையன்னு சொல்லிக்க அவனுக்குக் கூச்சம். இப்ப தினம் ரெண்டு தடவை வர்றான். எப்படிப்பா இருக்கு, என்ன தோணுதுப்பான்னு கேக்கறான். கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் காத்திருக்கான்."

வாசலில் எழுத்தாளர் நின்றிருந்தார். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொடர்ந்து சொன்னார். முதலில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாராம். பசிக்கிறது, போரடிக்கிறது, முதுகு வலிக்கிறது. பென்சில் நகரவே இல்லை. மகன் எழுந்து போய்விடுவான். ஒரு நாள் சும்மா, என் கை எனக்கே மறந்துபோச்சு கண்ணா என்று சொல்லிப் பார்த்தார். பென்சில் பறந்தது. அன்றைக்கு மகன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து, அவன் வருவதற்கு முன் படுத்தபடியே யோசித்து வைப்பார். இருட்டுக்கு ஈர இரும்பு வாசனை இருக்கு என்பார். என் நிழல் என்னை விட்டுப் போயிருச்சு என்பார். எந்த வார்த்தைக்குப் பென்சில் வேகமாக ஓடுகிறதோ, மறுநாள் அதே மாதிரி இன்னொன்று.

டீச்சர் மெல்ல வாசல் பக்கம் திரும்பினார். பதிவுகளில் கைதி தன் கைகளை மறந்த நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்ததை அவர் பலகையில் பார்த்திருந்தார்.

எழுத்தாளரின் முகம் முதல் தடவையாகச் செத்திருந்தது.

"அப்போ... கை மறந்துபோனது நிஜம் இல்லையாப்பா?"

அதைத்தான் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. ரேடியோ வராந்தாவுக்குப் போய் ஜன்னல் வழியாக வெளியே காறித் துப்பினான்.

"பயந்தது நிஜம்," என்று உள்ளே பெரியவர் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மோட்டார் வந்தப்புறம் நெஜமாவே பயந்துட்டேன். ஆனா அதை அவன்கிட்ட சொல்லல. அதையும் எழுதிருவான்."

அடுத்த வீட்டு அம்மாளிடம் மகளின் எண் இருந்தது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். டீச்சர் சொன்னதைக் கேட்டாள். கிழிந்து தொங்கிய கறுப்புத் துணியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, உங்களுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நானும் நம்பிட்டேனேப்பா என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

டீச்சர் போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அவர்கள் வரும் வரை அங்கேயே இருப்பதாகச் சொன்னார். பெரியவரை உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். ரேடியோ காரை வாசலுக்குக் கொண்டுவந்தபோது டீச்சரின் போன் அடித்தது. பதிப்பாளர். டீச்சர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"அப்ப பெரியவர் நிஜமாவே இருக்கார்," என்றார் பதிப்பாளர். குரலில் நிம்மதி. "இருட்டுல இருந்ததும் நிஜம். அப்படிப் பார்த்தா, உண்மைக் கதைன்னு போடறதுல தப்பில்லையே?"

"இருக்காரான்னு கேட்டீங்க. இருக்கார்," என்றார் டீச்சர். "மிச்சத்தை உங்களுக்குப் போலீஸ் சொல்வாங்க."

போனை அணைத்துவிட்டு, அதைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார்.

ரேடியோ தன் கறுப்புக் கண்ணாடியைப் பெரியவருக்கு மாட்டிவிட்டான். பின் இருக்கையில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சந்து தாண்டும் முன்பே அவர், மணி என்ன தம்பி என்று கேட்டார். நாலாகப் போகிறது என்றான் ரேடியோ. சரி என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். ரேடியோ தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பின்னால் நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். சரியாத்தான் இருக்குப்பா என்று மகள் தன் கடிகாரத்தையும் காட்டினாள். அதற்கும் அதே சிரிப்பு. வாங்க மனமில்லாமல், விலை பேசாமலே நகர்கிறவரின் சிரிப்பு.

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடிகாரத்தின் முள்ளைத் திருப்பலாம். மகளும் அண்ணன் சொன்னதைத்தான் நம்பினாள். வெளிச்சத்தைக்கூட இந்த மனிதர் இனி எப்படி நம்புவார்?

திருப்பத்தில் வண்டி நிற்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. சாலை முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தி ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் பாட்டிலால் ஒருவன் இன்னொருவன் முதுகில் தாளம் போட்டான். நடைபாதையில் ஒரு குட்டிப் பையன், அம்மா இன்னும் வரவில்லை என்று வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு யாரோ தன் தொப்பியை மாட்டிவிட்டார்கள். அழுகை நிற்கவில்லை.

பெரியவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியப் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ரேடியோ வண்டியை நகர்த்தவில்லை.

"மணி நாலுதான்," என்றார் பெரியவர் மகளிடம். "இவ்வளவு பேரை அவனால ஏற்பாடு பண்ண முடியாது."